கனமகிமை

டவர் கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பாரம் கண்ணில் தெரியாது, இடுப்பில் தெரியும். கொக்கியில் ஒன்றும் இல்லாதபோது கோபுரம் சற்றுப் பின்சாய்ந்தே நிற்கும்; பின்கையில் அடுக்கிய கான்கிரீட் எதிர்பாரங்கள் இழுத்துப் பிடித்திருக்கும். சிக்னல்மேன் வாக்கி டாக்கியில் "அங்காட்" (மலாயில் 'தூக்கு') என்றதும் லீவரைத் தொடுவேன். மொத்தக் கோபுரமும் மெல்ல முன்னுக்கு வரும், இருக்கையோடு நானும் வருவேன். ஒரு கன மீட்டர் ஈரக் கான்கிரீட் 2.4 டன். பத்தொன்பது வருடப் பழக்கத்தில், பக்கெட் நிறைந்திருக்கிறதா, முக்கால்தானா என்பதைத் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

கோலாலம்பூரில் சிகாம்புட் பக்கம் ஓர் அடுக்குமாடி சைட். காலை ஏழு மணிக்குக் கேபினில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் பத்துமலைக் குன்று, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், இன்னொரு பக்கம் இரட்டைக் கோபுரமும் அதையும் மிஞ்சி நிற்கும் 679 மீட்டர் மெர்டேக்கா 118-உம். "மேல இருந்து பார்த்தா ஆண்டவரோட மகிமை நல்லாத் தெரியுமே, தம்பி" என்பார் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆலயத்தில் ஓர் ஆன்ட்டி. ஆமாம் ஆன்ட்டி என்பேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஓர் அக்டோபர் மாதப் பிற்பகல், மழை நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது. மின்னல் பக்கத்தில் விழும்போது ஏணியில் இறங்கக்கூடாது, கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். பாரத்தை இறக்கிவிட்டு, கொக்கியை மேலேற்றி, சுழல் பிரேக்கை விடுவித்தேன். புயல் காற்றில் கிரேனின் கையைப் பூட்டி வைத்தால் கோபுரமே சாயலாம். காற்று தள்ளும் திசைக்கு அது தானாகத் திரும்பட்டும் என்று விட்டுவிட வேண்டும். முக்கால் மணி நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காற்று திருப்பிய பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தேன். 29-ஆம் சங்கீதத்தில் "கர்த்தருடைய சத்தம்" ஏழு முறை வருகிறது; ஏழையும் சொன்னேன். பயந்தேன், உண்மைதான். ஆனால் அது என் உயிருக்கான பயம். கீழே இறங்கி ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், குடித்ததும் போய்விட்டது.

போகாத ஒன்று வேறொரு நாள் வந்தது, வெயிலடித்த ஒரு சாதாரணக் காலையில்.

எந்தப் பாரத்தையும் முதலில் ஓர் அடி தூக்கி நிறுத்தி, கட்டு நழுவுகிறதா, சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று வேலை பின்தங்கியிருந்தது, எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். அதைச் சாக்காகச் சொல்லமாட்டேன். லீவர் என் கையில்தான் இருந்தது. நிறுத்தாமல் தூக்கினேன். 32 மில்லிமீட்டர் கம்பிக்கட்டு, ஒவ்வொரு கம்பியும் 12 மீட்டர் நீளம், 75 கிலோவுக்கு மேல். பாதி உயரத்தில் கட்டு ஒரு பக்கம் சரிந்து மூன்று கம்பிகள் உருவிக்கொண்டு விழுந்தன. விழுந்ததை முதலில் பார்த்தேன், சத்தம் அதற்குப் பிறகுதான் ஏறி வந்தது. ஒரு நிமிடம் முன்புவரை அங்கே ஒரு பங்களாதேஷ் பையன் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.

வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும். பிறகு சிக்னல்மேனின் குரல்: "பாங், ஓராங் செமுவா ஓக்கே." அண்ணே, ஆட்கள் எல்லாரும் நலம். பையன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். போத்தலும் கையுமாகத் திரும்பி வந்தவன், பலகையைத் துளைத்து நின்ற கம்பியைப் பார்த்தான், பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

அந்தக் கையசைப்பை என்னால் தாங்க முடியவில்லை. பாரத்தைப் பத்திரமாக இறக்கிவிட்டுக் கேபின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயில் வந்தது பேதுருவின் வார்த்தை: "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்." லூக்கா 5-ஆம் அதிகாரம். அதை எத்தனையோ முறை வாசித்தும், வலை நிறைய மீன் கிடைத்தவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியதில்லை. பேதுருவும் வேலையிடத்தில்தான் இருந்தான். இராமுழுதும் உழைத்தும் ஒன்றும் அகப்படாத வலை அது. இயேசு சொன்னபடி போட்டதும், இப்போதோ படகு அமிழும் அளவுக்குப் பாரம். "பிரமிப்புண்டானபடியினால் அப்படிச் சொன்னான்" என்று வேதம் காரணம் சொல்கிறது. மாற்கு எழுதிய புயலிலும் இப்படித்தான். அலை அடித்தபோது சீஷர்கள் கூச்சலிட்டு, படகில் தூங்கிய இயேசுவை எழுப்பினார்கள். காற்று அமர்ந்த பிறகுதான் "மிகவும் பயந்து, இவர் யாரோ" என்றார்கள்.

நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். கிரேன் இரண்டு நாள் நின்றது, எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அது நியாயம்.

பிறகு ஒரு ஞாயிறு வேதபாடத்தில் போதகர் சொன்னார்: மகிமைக்கு எபிரெயத்தில் காபோத் என்று பெயர், அதன் வேர்ச்சொல்லுக்குப் பாரமாயிருத்தல் என்று பொருள். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நான் அதுவரை மகிமை என்றால் ஒளி என்றே எண்ணி, விடியலில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். 2 கொரிந்தியர் 4:17-இல் நம் தமிழ் வேதாகமம் பாரத்தையும் மகிமையையும் "நித்திய கனமகிமை" என்று ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறது. கனம்! எனக்கு இதைவிடத் தெரிந்த சொல் உண்டா? சாலொமோன் கட்டிய ஆலயத்தைக் கர்த்தருடைய மகிமை நிரப்பியபோது, ஆசாரியர்களால் ஊழியஞ்செய்து நிற்க முடியாமற்போயிற்று என்று 1 இராஜாக்கள் 8-இல் இருக்கிறது. பரிசுத்தமான வேலை, அதுவே அன்று நின்றுபோனது. அந்தக் காலையில் கேபின் தரையில் என் கால் ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு அங்கே தெரிந்தது. நான் அழித்திருக்கக்கூடிய ஓர் உயிரைத் தமது கையில் வைத்திருந்தவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய கனத்துக்கு முன்னால் நான் எவ்வளவு இலேசானவன்!

பையன் இப்போது வேறு சைட்டுக்குப் போய்விட்டான். நான் அதே கிரேனில் இருக்கிறேன். ஓர் அடி தூக்கி நிறுத்துகிறேன். கோபுரம் முன்னுக்கு வருகிறது, பாரம் இடுப்பில் இறங்குகிறது. பேதுருவின் வார்த்தையை ஒரு முறை மெதுவாகச் சொல்லி முடிக்கும்வரை அப்படியே வைத்திருக்கிறேன். கட்டு அசையவில்லை. கீழேயிருந்து, "அங்காட், பாங்."