தாத்தா கப்பலேறுன நாட்டுல ரிசர்ச் அசிஸ்டெண்ட் வேலை

கோத்தகிரி பக்கம் எங்கள இன்னிக்கும் சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்த இந்திய வம்சாவளித் தமிழருங்க 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு கையெழுத்துப் போட்டாங்கல்ல, அதுல வந்த குடும்பம். தாத்தா தலவாக்கலை தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுனவரு, அதாவது செடிக்கிளைய வெட்டி விடுற வேலை, தலைமன்னார்ல கப்பலேறி மண்டபம் கேம்ப்ல கெடந்து கடைசில தமிழ்நாடு அரசோட டேன்டீ தோட்டத்துல மறுபடி அதே தேயிலை. அந்த வீட்டுப் பொண்ணு இப்ப இலங்கைக்கு ரெசிடென்ட் விசா எடுத்து கண்டி பக்கத்துல பேராதனைல ரூம் பிடிச்சு உக்காந்திருக்கேன். பாட்டிகிட்ட சொன்னப்ப "அவிங்க வெரட்டி விட்ட ஊருக்கு நீ காசு கட்டிப் போறியாக்கும்"னு கேட்டுச்சு, பதில் சொல்லத் தெரியல.

சாப்பாடு பழகிருச்சு, பாணும் (பிரெட்டுதான்) பருப்பும் மிளகா-வெங்காயத்துல செய்யிற கட்டா சம்பலும் இருந்தா நாள் ஓடிரும். சிங்களம்தான் இன்னும் தகராறு. லேப் டெக்னீஷியன் அண்ணன் என்னை "நங்கி"ன்னு, அதாவது தங்கச்சின்னு, கூப்டு கை ஜாடைலயே பாதி வேலைய சொல்லிக் குடுத்துட்டாரு, மீதி அரைகுறை இங்கிலீஷ்ல.

வேலைக்கு வர்றேன். இந்தியாவுல உதவித்தொகையோட ஆராய்ச்சிக்குப் போகணும்னா பெரும்பாலும் நெட்ங்கிற தேசியத் தகுதிப் பரீட்சை எழுதி ஜேஆர்எஃப்ங்கிற உதவித்தொகை வாங்கணும், 2023ல இருந்து மாசம் 37,000 ரூபா, ஒரு பரீட்சை, ஒரு லிஸ்ட், பேர் வந்தா வந்துச்சு. இங்க அந்த மாதிரி நாட்டுக்கே ஒரு பரீட்சைன்னு இல்ல. ஒரு பேராசிரியருக்கு கிராண்ட் கெடைக்கும், அந்தக் காசுல அவரு ஆர்ஏ, அதாவது ரிசர்ச் அசிஸ்டெண்ட், எடுப்பாரு, அந்த ஆர்ஏ அதே வேலைய வச்சு எம்ஃபில்லுக்கு ரெஜிஸ்டர் பண்ணுவாங்க, அப்புறம் ப்ரொபேஷனரி லெக்சரர், அதாவது ஆரம்பக்கட்ட விரிவுரையாளர், போஸ்ட் எப்ப வரும்னு கண்ணு வச்சுக்கிட்டு இருப்பாங்க. அதாவது லெக்சரர் ஆகுறதுக்கு முன்னாடி லெக்சரர் செய்யிற வேலை அத்தனையும் சில்லறையா செஞ்சு பாக்குற காலம் இது.

எங்க ப்ராஜெக்ட் தலவாக்கலை வழியா ஓடுற கொத்மலை ஓயாங்கிற ஆத்துல எவ்வளவு மண்ணு கரைஞ்சு போகுதுன்னு பாக்குறது. மேல தேயிலை மலைல அரிக்கிற மண்ணுதான் கீழ நீர்த்தேக்கத்துல போய் படியுது, கண்டி பக்கம் பொல்கொல்லை அணைக்கட்டு வரைக்கும் இந்தப் பிரச்சன இருக்கு. கேக்க பெருசா இருக்கும், ஆனா பொழுது போறது பாட்டில் கழுவுறதுல. ஆத்துத் தண்ணிய ஃபில்டர் பேப்பர்ல வடிக்கணும், 105 டிகிரி அவன்ல காய வைக்கணும், ஈரம் ஏறாத டெசிகேட்டர் பாத்திரத்துல ஆறவிட்டு நாலு தசமம் வரைக்கும் எடை போடணும், வெறும் பேப்பரோட எடைய முன்னாடியே குறிச்சு வைக்கலேன்னா அந்த சாம்பிள் குப்பைக்குத்தான். ஃபீல்டு நோட்டுல பென்சில்லதான் எழுதணும், தலவாக்கலை மழைல பேனா மை நிக்காது. இது போக கெமிக்கல் வாங்க மூணு கொட்டேஷன், ஃபைல் தூக்கிக்கிட்டு அலையுறது, கட்டுரைல யார் பேரு முதல்ல வரும்னு ஆரம்பத்துலயே பேசி வச்சுக்கிறது. இதெல்லாம் எந்த கோர்ஸ்லயும் கெடையாது.

ஒரு தடவ சாம்பிள் எடுக்கப் போனப்ப தோட்டத்துல இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா லயத்துல (தோட்டத் தொழிலாளி வீட்டு வரிசை) இருந்து எறங்கி வந்து, "என்னா புள்ள தண்ணிய போத்தல்ல புடிக்கிற"ன்னு கேட்டாரு. சொன்னேன். "ஆத்துல பாத்து என்னா ஆகும், அந்தா அந்த பழைய வெதத் தேயிலை மலையப் பாரு, தண்ணி ஓடுற கான் வெட்டி எம்புட்டு வருசமாச்சு, முந்தி கானுல விழுந்த மண்ண அள்ளி மேலயே போடுவோம், இப்ப ஆளு எங்க இருக்கு"ன்னாரு. நோட்டுல அப்படியே எழுதிக்கிட்டு வந்து ப்ராஜெக்ட் நடத்துற மேடம்கிட்ட காட்டுனேன். படிச்சுட்டு "அப்ப கான் பராமரிக்கிற மலையும் பராமரிக்காத மலையும் தனித்தனியா எடுத்து ஒப்பிடுவோம், டிசைன நீயே எழுதிட்டு வா"ன்னாங்க. நாலஞ்சு தரம் சிவப்புக் கோட்டோட திரும்பி வந்துச்சு. ஒரு கேள்விய எப்படி அளக்குற மாதிரி மாத்துறதுன்னு நான் கத்துக்கிட்டது அந்த சிவப்புக் கோட்டுலதான், எம்எஸ்சில மார்க் வாங்கினேனே தவிர இது வரல.

இப்ப மனசுல உறுத்துற விஷயம். எங்களோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணுன ஒரு தம்பி, மஸ்கெலியா பக்கம், அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்துல. என்னைவிட கெட்டிக்காரன், டேட்டாவப் பாத்ததும் எந்தப் பாட்டில்ல தப்புன்னு சொல்லிருவான். அடுத்த ஆர்ஏவா வாடான்னா "அக்கா, எத்தனை மாசத்துக்கு ஒருக்கா காசு வரும்"னு மொதல் கேள்வி. நியாயமான கேள்விதான். கிராண்டோட அடுத்த தவணை காசு குடுக்குற எடத்துல இருந்து வர்றதுக்குள்ள எனக்கே ரெண்டு மூணு மாசம் கையில ஒண்ணும் இல்லாம, கோத்தகிரில இருந்து அண்ணன் அனுப்புன காசுலதான் வாடகை குடுத்தேன். அந்தத் தம்பிக்கு அனுப்ப யாரும் இல்ல, அவன்தான் வீட்டுக்கு அனுப்பணும். திறமையான பசங்கள ஆராய்ச்சிக்கு வளக்குறோம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா காசு லேட்டானா தாங்குற குடும்பத்துப் பசங்கதான் கடைசி வரைக்கும் நிக்கிறாங்க. அலவன்ஸ கூட்டச் சொல்லி பேசுறவங்க இருக்காங்க, எனக்கென்னவோ இருக்குற காச மாசாமாசம் ஒரே தேதில போட்டாலே பாதிப்பேரு தங்கிருவாங்கன்னு தோணுது.

தம்பி டீச்சர் அப்பாயிண்ட்மெண்ட்ட எடுத்துட்டான், வீட்ல எல்லாருக்கும் சந்தோசம், நானும் வாழ்த்தித்தான் அனுப்புனேன். போன வாரம் போன் பண்ணி பார்ட் டைமா எம்ஃபில் பண்ண முடியுமான்னு கேட்டான். மேடம் ஃபார்ம் எடுத்து வைக்கச் சொல்லிருக்காங்க. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ கிராண்ட்ல போட முடியுமான்னு கேட்டு லெட்டர் டைப் பண்ணிட்டேன், திங்கக்கிழமை கையெழுத்துக்குப் போகுது.