வெயில் எறிக்க ஒழுகின வீடு

மாசி மாசம், மைனஸ் 20ல கிடந்த கனடா ஸ்காபரோ திடீரெண்டு இளகி நல்ல வெயில் எறிச்ச அண்டைக்கு எங்கட மேல்மாடி சீலிங்கால தண்ணி சொட்டத் தொடங்கிச்சுது. அம்மா கட்டில்ல இருந்தபடி மேல பாத்துட்டு, "தம்பி, மழை பெய்யாம ஒழுகிற வீட்டை இஞ்சதான் பாக்கிறன்" எண்டா.

கூப்பிட்ட கூரைக்காரர் ஏணிகூட வைக்கேல்லை, ரோட்டில நிண்டே "ஷிங்கிள் முழுக்க மாத்தோணும்" எண்டிட்டார், ஷிங்கிள் எண்டா கூரைக்கு மேல ஓடு மாதிரி அடிக்கிற தகடுகள். எனக்கு இப்பவும் அதை நினைச்சா கோவம் வருது. சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில இருக்கிற அட்டிக்கின்ர மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சா, ஷிங்கிளில ஒரு பிழையும் இல்லை, உள்பக்கத்துப் பிளைவூட் முழுக்க வெள்ளையா உறைபனி, ஆணி முனை ஒவ்வொண்டிலயும் ஐஸ் முத்து. முந்தி இருந்தவை பாத்ரூம் ஃபான் குழாயை வெளியில விடாம அட்டிக்குக்கயே போட்டிருக்கினம். பின்னேரம் புட்டு அவிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, சோறு வடிக்கிற ஆவி எல்லாம் அந்தக் குழாயாலயும் லைட் ஓட்டையளாலயும் மேல ஏறி, குளிர்ந்த பலகையில பட்டு உறைஞ்சு, இளகின உடன திரும்ப எங்கட தலையில விழுந்திருக்கு.

கூரையில மேல இன்னும் ரெண்டு வென்ட், அதாவது காத்து வாய், வைச்சாச் சரி எண்டு தெரிஞ்சவை சொல்லிச்சினம். அது சரிவராது. கீழ சொஃபிட், அதாவது இறவாரத்தின்ர அடிப்பக்கத்தில காத்து உள்ள வாற இடம், அடைச்சிருந்தா மேல வைக்கிற வென்ட் வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக்காத்தைத்தான் இழுக்கும், ஆவி இன்னும் கூடும். ஒன்ராறியோ சட்டத்தில சாதாரண சரிவுக் கூரைக்கு 300 சதுர அடி சீலிங்குக்கு 1 சதுர அடி வென்ட் வேணும், அதில கால்வாசியாவது மேல, கால்வாசியாவது கீழ. எங்கட வீட்டில சொஃபிட் வாய் முழுக்க குளிர் தடுக்கிற இன்சுலேஷன் பஞ்சு அமத்திக் கிடந்தது. அதை விலத்தி கூரைச் சட்டங்களுக்கு இடையில காத்துக்கு வழிவிடுற பாஃபிள் தட்டு வைச்சு, வயர் போற ஓட்டையளுக்கு ஃபோம் அடிச்சு, மூடியைச் சுத்தி ரப்பர் ஒட்டி, ஃபான் குழாயை இன்சுலேஷன் சுத்தினதா மாத்திக் கூரைக்கு வெளியால விட்டம். அடுத்த குளிருக்கு ஏறிப் பாத்தன், பலகை காய்ஞ்சு கிடந்தது, அந்தச் சந்தோசத்தை ஆருக்குச் சொல்லுறது எண்டு தெரியேல்லை.

இந்த ஊர் எனக்கு இப்ப நல்லாப் பழகிட்டுது, சொஃபிட், ஃபாஷியா எண்டு கடையில சரளமாக் கதைக்கிறன். ஆனா அட்டிக்குக்க குனிஞ்சு நிக்கேக்க யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில அம்மம்மாவின்ர ஓலைக் குசினிதான் ஞாபகம் வரும். அடுப்புப் புகை ஓலைக்குள்ளால தானே வடிஞ்சு போகும், புகை பட்ட ஓலையை லேசில பூச்சி தின்னாது எண்டுவா. மாரி துவங்க முதல் அயலட்டை எல்லாம் கூடி ஓலையால வீடு மேய்வினம், பெடியள் கீழ நிண்டு ஓலை எறியிறது, மத்தியானம் எல்லாருக்கும் எங்கட வீட்டில சாப்பாடு. இஞ்ச கூரையில ஏறின அண்டைக்கு ஏணி பிடிக்க மனிசி மட்டும்தான்.

வீடு பாக்கப் போற எங்கட சனம் பேஸ்மென்டை வாடகைக்கு விடலாமோ எண்டுதான் முதல்ல கேக்கும். அதுக்கு முதல் அட்டிக்கைத் திறந்து, ஃபான் குழாய் எங்க போய் முடியுது எண்டு பாருங்கோ. 1990க்கு முந்தின வீட்டில மினுங்கல் சரளைமாதிரி வெர்மிகுலைட் எண்ட பழைய இன்சுலேஷன் கிடந்தாக் கை வைக்காதேங்கோ, கிளறவும் வேண்டாம், அதுக்க அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், முதல்ல டெஸ்ட் பண்ணுவியுங்கோ.