புழுவின் குடலில்தான் பி.டி விஷமாகிறது

தக்காளியில் காய்ப்புழுவுக்கு பி.டி என்ற பாக்டீரியா பவுடர் அடித்துவிட்டு, மறுநாள் காலையில் புழு நெளிவதைப் பார்த்ததும் "பவுடர் போலி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் பலர். அந்த அவசரத்தால் ஒரு நல்ல மருந்து வீணாகிறது.

பவுடரில் இருப்பது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் (சுருக்கமாக பி.டி) பாக்டீரியாவின் வித்துகளும் புரதப் படிகமும். படிகம் அப்படியே விஷம் இல்லை. காய்ப்புழுவின் நடுக்குடல் நல்ல காரம், பிஎச் (அமில-கார அளவு) 9-க்கும் மேலே போகும். அந்தக் காரத்தில் படிகம் கரையும். பிறகு டிரிப்சின் வகை நொதிகள் சுமார் 130 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள புரதத்தை 60–65 கிலோடால்டன் அளவுக்கு நறுக்கும். அந்தத் துண்டுதான் குடல் செல்லில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் இரைப்பையில் இருப்பதோ அமிலம். அந்தத் துண்டு ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை.

சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாக 2 முதல் 4 நாள் ஆகலாம். ஆகவே செத்த புழுவைத் தேடாதீர்கள். புதுக் கடியும் ஈர எச்சமும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புழு தின்றால்தான் இத்தனையும் நடக்கும். சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ இலை மேல் படிந்த பவுடரைத் தின்பதில்லை, அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. காய்க்குள் தலையை நுழைத்துவிட்ட புழுவுக்கும் மருந்து எட்டாது. பெரிய புழு பெரும்பாலும் தப்பிக்கும். நுனி இலைகளில் முட்டை தென்பட்டதும் தயாராகி, குஞ்சுப் புழு இலையைச் சுரண்டும்போதே அடிக்க வேண்டும்.

லிட்டருக்கு 2 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, ஒட்டுத் திரவத்தோடு டேங்கில் ஊற்றுங்கள். மதுரைப் பக்கத்தில் பல போர்த் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும். பிஎச் 8-ஐத் தாண்டினால் குடலில் கரைய வேண்டியது டேங்கிலேயே கெடத் தொடங்கும். பிஎச் தாள் வைத்துப் பார்த்து, எலுமிச்சை உப்பைச் (சிட்ரிக் அமிலம்) சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு 7-க்குக் கொண்டுவாருங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் காரம்தான், அதோடு சேர்க்கவே கூடாது. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் படிகத்தைச் சிதைக்கும் என்பதால் மாலை 4 மணிக்கு மேல்தான் தெளிப்பு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி.

பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் பி.டி வேண்டாம். பட்டுப்புழுவின் குடலும் காரம்தான். 1901-ல் ஜப்பானில் இந்தப் பாக்டீரியாவை முதலில் கண்டதே நோயில் செத்த பட்டுப்புழுவில்தான்.