பைக்குக்கு வினைல் ராப்: முடிவை டேங்க்கைப் பார்த்து எடுங்கள்

பைக்கை ராப் பண்ணலாமா, அதாவது பெயிண்ட்டின் மேல் நிற வினைல் ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்பவர்கள் முதலில் நிறத்தைத்தான் பேசுவார்கள். மேட் பிளாக்கா, சாட்டின் கிரேயா என்று போகும் பேச்சு. நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது இருக்கும் பெயிண்ட் எந்த நிலையில் இருக்கிறது, டேங்க் என்ன வடிவம், வண்டி தினமும் எங்கே நிற்கிறது என்ற மூன்றுக்கும் பதில் சொன்னாலே பலருக்கு ராப் வேண்டாம் என்று தெரிந்துவிடும். நல்ல பெயிண்ட்டின் மேல் வேறு நிறம் வேண்டும் என்பவருக்கான வேலை இது. கெட்டுப்போன பெயிண்ட்டை மூடி மறைக்கப் போனால் காசு இரண்டு முறை போகும்.

ஃபிலிமின் கனம் பசையோடு சேர்த்தே 90 மைக்ரான் அளவுதான். அடியில் இருக்கும் டொக்கு, கல்லடி, உரிந்த பெயிண்ட்டின் கரை எல்லாம் அப்படியே மேலே தெரியும். பளபளப்பான கிளாஸ் (gloss) ஃபிலிமில் பெயிண்ட்டில் தெரிந்ததைவிடக் கூடுதலாகவே தெரியும். பசை பிடித்துக்கொள்வதும் பெயிண்ட்டைத்தான்; பெயிண்ட் தகரத்தை விட்டால் ஃபிலிமும் கூடவே வந்துவிடும்.

இதைச் சோதிக்கச் செலவு ஒன்றும் இல்லை. பேனலைக் கழுவித் துடைத்து, நன்றாக ஒட்டக்கூடிய மாஸ்கிங் டேப்பை ஒரு சாண் நீளம் ஒட்டுங்கள். நகத்தால் அழுத்தித் தேய்த்து, சட்டென்று இழுங்கள். டேப்பில் பெயிண்ட் செதில் வந்தால் அந்தப் பேனலில் ராப் கூடாது. டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்ட இடங்களில்தான் இது அதிகம். பட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை டேங்க்கின் மேல் நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். காந்தம் எங்குமே ஒட்டவில்லை என்றால் நீங்கள் டேங்க் என்று நினைத்தது பெரும்பாலும் மேலே மாட்டிய பிளாஸ்டிக் கவர். பல புதிய பைக்குகளில் அப்படித்தான் வருகிறது. அது நல்ல செய்தி. கழற்றி மேசையில் வைத்து நிம்மதியாக ஒட்டலாம்.

புதிதாக அடித்த பெயிண்ட்டின் மேல் உடனே ஒட்டவே கூடாது. தின்னர் முழுதாக வெளியேறும்வரை ஃபிலிமுக்கு அடியில் குமிழ் கிளம்பிக்கொண்டே இருக்கும். லோக்கல் ஒர்க்‌ஷாப்பில் காற்றில் உலரவிட்ட பெயிண்ட் என்றால் ஒரு மாதமாவது விடுங்கள். துருவும் அப்படித்தான். டேங்க்கின் அடி விளிம்பில் ஊசிமுனை அளவு துரு இருந்தாலும் ஃபிலிம் அதை நிறுத்தாது, கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்யும். உள்ளிருந்து துளை விழுந்தால் கசியும் பெட்ரோல் ஃபிலிமுக்கு அடியிலேயே பரவும். வெளியே ஈரம் தெரியும்போது பாதி டேங்க்கில் பசை கரைந்திருக்கும்.

ஃபிலிம் விஷயத்துக்கு வருவோம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்டிக்கர் கடையிலோ ‘கம்பெனி ஷீட்’ என்று காட்டுவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. கேலண்டர்டு ஃபிலிம் என்பது சூடான பிவிசியை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நீட்டியது. அந்த இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும். வெயில் பட்டால் சுருங்கப் பார்க்கும், ஓரங்களில் பசைக்கோடு தெரிய ஆரம்பிக்கும். காஸ்ட் ஃபிலிம் என்பது திரவ வினைலைத் தாளின் மேல் மெல்லியதாகப் பரப்பி அடுப்பில் உலர்த்தியது. இதற்குச் சுருங்கும் குணம் மிகக் குறைவு, வளைவுக்கும் இணங்கும். த்ரீஎம் 2080, ஏவரி டெனிசன் எஸ்டபிள்யூ 900 இரண்டும் காஸ்ட் வகை. ஆனால் இதே கம்பெனிகள் கேலண்டர்டு ஃபிலிமும் விற்கின்றன. அதனால் கம்பெனி பெயரை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாமல் ரோல் லேபிளில் எந்த ரகம் (2080, 900 போல) என்று பாருங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் அது காஸ்ட்டாக இருக்க வாய்ப்பில்லை. தட்டையான சைடு பாக்ஸுக்கோ ஒரு பட்டைக் கோட்டுக்கோ கேலண்டர்டு போதும். டேங்க்குக்கும் மட்கார்டுக்கும் காஸ்ட் இல்லாவிட்டால் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

நல்ல ராப் ரோலின் அகலம் 1.52 மீட்டர். டேங்க், சைடு பேனல், டூம் (ஹெட்லைட் கவர்), டெயில் மட்டும் உள்ள நேக்கட் பைக்குக்கு 3 மீட்டர் நீளம் ஓடும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போல இரண்டு பெரிய தகர மட்கார்டு இருந்தால் 4 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினையும் பேனல்கள் மூடியிருக்கும் ஃபுல் ஃபேரிங் வண்டிக்கு 5 முதல் 6. காரோடு ஒப்பிட்டால் ஃபிலிம் கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். எல்லாமே சின்னத் துண்டு, எல்லாமே வளைவு. ‘பைக்குதானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அவர் எதையும் கழற்றப் போவதில்லை.

இனி டேங்க். மேலே உப்பல், பக்கத்தில் முட்டி வைக்கும் குழி, முன்னால் ஹேண்டில்பார் திரும்புவதற்கான வெட்டு, அடியில் வெல்டிங் விளிம்பு. உப்பலில் ஃபிலிம் இழுபட்டு ஒழுங்காக உட்காரும். குழிதான் வம்பு. குழியின் இரண்டு கரையிலும் ஃபிலிமை ஒட்டிவிட்டு நடுவில் சூடு காட்டி அழுத்தினால் அந்த நேரத்துக்கு உட்கார்ந்ததுபோல இருக்கும். நாலு நாள் வெயிலில் நின்றால் குழிக்குள் காற்றுப் பை எழும்பி நிற்கும். தெரிந்தவர் கை வேறு மாதிரி வேலை செய்யும்: ஃபிலிமைத் தளர்வாக விட்டு, முதலில் குழியின் அடிமட்டத்தில் ஒட்டி, அங்கிருந்து கரையை நோக்கி வெளியே வருவார். இழுப்பு முழுதும் மேட்டுப் பகுதிக்குப் போகும், குழிக்குள் இழுவிசை தங்காது. குழி மிக ஆழம் என்றால் அதற்கென்று தனித் துண்டு வெட்டி முதலில் ஒட்டிவிட்டு, மேல் துண்டை 5 மி.மீ. அதன்மேல் ஏறும்படி முடிப்பார். அந்தக் கோடு தெரியும்தான். எழும்பி நிற்கும் காற்றைவிடக் கோடு மேல்.

பெட்ரோல் மூடி இன்னொரு இடம். மூடியைச் சுற்றி வளையம் உள்ள வண்டிகளில் தெரியும் ஆலன் போல்ட்டுகளில் சில வெறும் அலங்காரம். மூன்று நான்குதான் உண்மையில் பிடித்திருக்கும். வளையத்தைக் கழற்றி, ஃபிலிம் அதன் வெளி உதட்டுக்கு அடியில் போகும்படி வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கட்டுக்கு அடியில் ஃபிலிம் போகக் கூடாது. போனால் கேஸ்கட் சரியாக அமராது, மழைத் தண்ணீர் டேங்க்குக்குள் இறங்கும். பக்கத்தில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். ஃபிலிம் அதை மூடியிருக்கிறதா என்று டெலிவரி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வளையத்தைக் கழற்றாமல் சுற்றி பிளேடு போட்டவர் பெயிண்ட்டின் மேல் நிறமற்ற பூச்சாக இருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்துக் கீறியிருப்பார். துரு அங்கிருந்துதான் தொடங்கும். நல்ல கடைகளில் இதற்கு நைஃப்லெஸ் டேப் வைத்திருப்பார்கள்: ஃபிலிமுக்கு அடியில் நூல் வைத்த டேப், நூலை இழுத்தால் ஃபிலிம் மட்டும் அறுபடும்.

பங்க்கில் நாசில் எடுக்கும்போது சொட்டும் பெட்ரோல் வினைலுக்குப் பகை. உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. வெட்டு விளிம்பில் திரும்பத் திரும்ப இறங்கினால் விளிம்பு ஊதிச் சுருளும், பசை கொழகொழத்துப்போகும். ஆட்டோ கட் ஆன பிறகும் ‘ரவுண்டு பண்ணிப் போடுங்கண்ணே’ என்று விளிம்புவரை நிரப்பும் பழக்கம் இருந்தால் ஒரு வருடம் தாங்குவதே பெரிது. ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் பக்கிளும் டேங்க்கின் பின்பகுதியைத் தினமும் உரசும். கிளாஸில் கீறலைக் கொஞ்சம் தணிக்கலாம். மேட் ஃபிலிமில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், திரும்ப மேட் ஆகாது.

அதனால் தினமும் ஆபீஸ் போய் வரும் வண்டிக்கு என் யோசனை: டேங்க்கை விட்டுவிட்டு மற்ற பேனல்களை மட்டும் ராப் பண்ணுங்கள். டேங்க்கின் நிறமும் மாறியே ஆக வேண்டும் என்றால் 2கே பெயிண்ட்டும் (ஹார்டனர் கலந்து அடிப்பது) கிளியர் கோட்டும் அடிப்பது நிலைக்கும். இருக்கும் நிறமே பிடித்திருக்கிறது, கீறல்தான் கவலை என்றால் பிபிஎஃப் (பெயிண்ட்டைக் காக்கும் நிறமற்ற ஃபிலிம்). அது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள டிபியு (ஒரு வகை பாலியூரித்தேன்) ஃபிலிம். நல்ல ரகங்களில் சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தானே மறையும். உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் ஸ்ப்ரேயை மட்டும் டேங்க் பக்கம் கொண்டு போகாதீர்கள். பெட்ரோல் பட்டால் கரைந்து வழியும்.

டேங்க்கையும் ராப் பண்ணுவதாக முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. ஹீட் கன் முனையில் பல நூறு டிகிரி சூடு வரும். பெட்ரோலை வடித்த டேங்க் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. உள்ளே நிற்கும் ஆவிதான் பற்றிக்கொள்வது. டேங்க்கைக் கழற்றி, பெட்ரோல் வெளிவரும் வழியை அடைத்து, மூடியைப் பூட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் சூடு காட்ட வேண்டும். மூடியை ஒட்டிய பகுதியில் ஹீட் கன்னே வேண்டாம், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது ஹீட் கன் பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிளாஸ்டிக் பாகங்களில், பெயிண்ட் அடித்த ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) பேனல் பிரச்சினை தராது. சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் எந்த ஃபிலிமும் நிலைக்காது. பசை தொடுவது மேடுகளை மட்டும்தான். சைலன்சர், எஞ்சின் கவர் போன்ற சூடான பாகங்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். டெயில் லைட், ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட் எதன்மீதும் ஃபிலிம் ஏறக் கூடாது.

ஒட்டிய ஃபிலிம் எழும்புவதற்குப் பாதிக் காரணம் சுத்தம் செய்யாததுதான். ஷாம்பு வாஷ், செயினுக்கு அடிக்கும் எண்ணெய் தெறித்த இடத்துக்கு, பிசுக்கை எடுக்கும் டீகிரீசர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, நூல் உதிராத துணியால் துடைப்பு. வாட்டர் வாஷ் கடையில் பளபளப்புக்காக அடித்த சிலிகான் பாலிஷ், பழைய வாக்ஸ், செராமிக் கோட்டிங் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவற்றை எடுக்காமல் பசை பிடிக்காது. விளிம்பை பேனலின் உள்பக்கம் 5 முதல் 10 மி.மீ. மடித்து விட வேண்டும். கடைசியாக இழுத்து ஒட்டிய இடங்களையும் விளிம்புகளையும் 90 முதல் 110 டிகிரிவரை சூடாக்கினால்தான் ஃபிலிமின் சுருங்கும் குணம் அடங்கும். கையால் தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்றால் அடுத்த கடை. ஒட்டும் இடத்தின் வெப்பமும் முக்கியம். 16 முதல் 32 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், ஃபிலிமோ ரப்பராக இழுபடும். மே மாதத்தில் ஏசி இல்லாத கடை என்றால் ஆடிக்கு மேல் போங்கள்.

ஆர்சி விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் நிறம் ஆர்சியில் பதிவாகியிருக்கும் விவரம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முழு நிறத்தையும் மாற்றுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டு, ஆர்சியில் நிறத்தை மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். ராப்புக்கான செலவு கிளெய்மில் தானாக வந்துவிடாது. ஆலிவ் கிரீன் பக்கம் போகவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதிப்படி அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும். அடிப்படை நிறத்தை அப்படியே விட்டு, மட்கார்டிலும் டூமிலும் மட்டும் வேறு நிறம் போடுவது தலைவலி குறைந்த வழி.

ஒட்டிய பிறகு ஒரு வாரம் வாட்டர் வாஷ் வேண்டாம். அதற்குப் பிறகும் பிரஷர் கன்னை ஓர் அடி தள்ளியே பிடிக்கச் சொல்லுங்கள், விளிம்புக்கு நேராகக் காட்ட வேண்டாம். மொட்டை வெயிலில் நிற்கும் வண்டியில் டேங்க்கின் மேல்பகுதியும் மட்கார்டின் உச்சியும்தான் முதலில் வெளுக்கும். தயாரிப்பாளர்களே படுக்கைவாட்டுப் பரப்புகளுக்குக் குறைந்த ஆயுள்தான் சொல்கிறார்கள். வெளுத்து வெடிக்கும்வரை விட்டுவைத்தால் ஃபிலிம் முழுசாக உரியாது, துணுக்குத் துணுக்காக வரும். பசை பெயிண்ட்டிலேயே தங்கி, அதை எடுக்க ஆகும் கூலி ஒட்டிய கூலியைத் தொடும். பளபளப்பு மங்க ஆரம்பித்ததுமே இளஞ்சூடு காட்டி, ஃபிலிமைத் தன்மேலேயே மடித்தபடி மெதுவாக இழுத்தால் பட்டையாக வந்துவிடும்.

வண்டியை எடுக்கும்போது அதே ரோலில் மிஞ்சிய ஃபிலிமில் அரை மீட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மட்கார்டில் கல்லடி பட்டால் அந்த ஒரு பேனலை மட்டும் மாற்றலாம். ஆறு மாதம் கழித்து வாங்கும் ரோலில் சாட்டின், மெட்டாலிக் நிறங்கள் ஒரு சாயல் தள்ளி வரும். மடிக்காமல், நிறப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.