சில்வர் ஃபில்லிங் எடுக்கப் போறீங்களா, இதை முதல்ல கேட்டுட்டுப் போங்க

ஸ்கூல் படிக்கிறப்போ எனக்குக் கீழ் கடவாப்பல் ரெண்டுலயும் சில்வர் ஃபில்லிங் வச்சு விட்டாங்க. பேருதான் சில்வர், எடையில பாதிக்குப் பாதி பாதரசம், மிச்சம்தான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு எல்லாம். இது எனக்குத் தெரிய வந்ததே ரொம்ப லேட்டு.

நாலு வருஷம் முன்னாடி அதுல ஒண்ணு ஓரத்துல பேந்துபோச்சுன்னு ஒரு கிளினிக்குக்குப் போனேன், வாயைத் திறந்ததும் அப்படியே ட்ரில்லை வச்சு முழுசா ராவி எடுத்தாங்க, நாக்கெல்லாம் சாம்பல் கலர்ல தூள், பாதியை முழுங்கியே இருப்பேன், வீட்டுக்கு வந்தும் வாயில இரும்பு ருசி போகவே இல்ல. இப்ப நினைச்சாலும் கோவம் வருது. ஃபில்லிங் சும்மா பல்லுல இருக்கறப்போ வர்ற பாதரச ஆவி ரொம்பக் கொஞ்சம், ட்ரில் பண்ற சூட்டுலதான் அது ஜாஸ்தியா கிளம்பும்.

இந்த வருஷம் ரெண்டாவது பல்லுல ஃபில்லிங்குக்கு அடியில சொத்தை. இந்த தடவை வேற டாக்டர், நாற்காலில உக்காரறதுக்கு முன்னாடியே ரப்பர் டேம், அதாவது தூளு வாய்க்குள்ள போகாம தடுக்கற ரப்பர் ஷீட், போடுவீங்களான்னு கேட்டேன். கண்டிப்பா போடுவேன்மான்னாங்க. மரத்துப்போக ஊசி போட்டுட்டு, பச்சைக் கலர் ரப்பர் ஷீட்ல ஒரு ஓட்டை, அது வழியா அந்தப் பல்லு மட்டும் வெளிய தெரியற மாதிரி கிளிப்பு மாட்டினாங்க. ஈறுல சுருக்குனு ஒரு இறுக்கு, பலூன் வாசனை, மூக்கால மட்டும்தான் மூச்சு விடணும், ரெண்டு நிமிஷத்துல பழகிடுது. தண்ணி நிக்காம பீச்சிக்கிட்டே இருக்கு, பெரிய சக்‌ஷன் குழாய் பல்லுகிட்டயே இருக்கு. ராவல, கூட்டல் குறி மாதிரி கீறி விட்டுத் துண்டு துண்டா நெம்பி எடுத்தாங்க. ட்ரேல பார்த்தா அரிசிக் குருணை சைஸுல கரிய துண்டுங்க. அதையும் குப்பையில போடல, மூடி போட்ட ஒரு டப்பாவுல சேர்த்தாங்க, சாக்கடைல போனா பாதரசம் அழியாது, மீன் வழியா நம்மகிட்டயேதான் திரும்பி வரும். ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜனவரியிலிருந்து, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய இந்த ஃபில்லிங்கை வைக்கவே கூடாதுன்னு நிறுத்தினதுக்கு இந்த சுற்றுச்சூழல் பிரச்சினைதான் முக்கியக் காரணம்.

அப்புறம் நீல லைட் அடிச்சு அடிச்சு பல்லு கலர்லயே காம்போசிட்ங்கற பிசின் ஃபில்லிங் வச்சாச்சு.

இதைப் படிச்சுட்டு நல்லா இருக்கற ஃபில்லிங்கைப் போய் பிடுங்கிக்காதீங்க ப்ளீஸ். அமெரிக்காவோட மருந்து, மருத்துவ சாதனங்களைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2020ல கர்ப்பிணிங்க, பால் குடுக்கறவங்க, ஆறு வயசுக்குள்ள குழந்தைங்க, கிட்னி பிரச்சினை இருக்கறவங்க மாதிரி ஆளுங்களுக்குப் புதுசா வைக்கறதை முடிஞ்சவரை தவிருங்கன்னுச்சு, அதுலயே நல்ல நிலைமைல இருக்கறதைத் தேவையில்லாம எடுக்காதீங்கன்னும் சொல்லுச்சு. அம்மாவுக்கும் ரெண்டு இருக்கு, முப்பது வருஷம் ஆச்சு. நான் பயந்துபோய்க் கூட்டிட்டுப் போனேன், டாக்டர் ஓரமெல்லாம் தடவிப் பார்த்து எக்ஸ்ரேயும் எடுத்துட்டு, ஒரு விரிசல் இல்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும்மான்னு அனுப்பிட்டாங்க.