கெண்டைக் குளத்துக்குத் தீவனம்: எவ்வளவு, எப்போது, எதில்?

கட்லா, ரோகு, மிர்கால் விட்ட குளத்தில் தீவனத்தைக் குத்துமதிப்பாக வாரி இறைப்பதுதான் பெரிய வீண்செலவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு, சிக்கிய மீன்களை எடை பார்த்துச் சராசரி எடுங்கள். 2,000 மீன், சராசரி 250 கிராம் என்றால் மொத்தம் 500 கிலோ. அதில் 2 சதவீதம், அதாவது நாளுக்கு 10 கிலோ. குஞ்சாக இருக்கையில் 5 சதவீதம் வரை போகலாம். வளர வளரக் குறையுங்கள்.

கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி. புண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து உருண்டையாக்குங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

அடியில் துளையிட்ட உரச்சாக்கில் போட்டு மூங்கிலில் கட்டித் தொங்கவிடுங்கள். மீன் முட்டி முட்டித் தின்னும். இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் கிடந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். மிச்சம் அடியில் அழுகினால் அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் இறங்கும்.

வெயில் ஏறிய பிறகே முதல் வேளை. விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அது பசியல்ல, மூச்சுத்திணறல்! அன்றைக்குத் தீவனத்தை நிறுத்தி, மோட்டார் போட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கள். மூட்டமான நாளில் பாதி போதும். தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை தெரியாத அளவு பச்சையா? பாசி மிகுந்துவிட்டது, குளத்துக்கு இடும் சாணத்தையும் உரத்தையும் நிறுத்தி வையுங்கள்.