அம்பாசடருக்கு வேறு எஞ்சின் வைக்கும் முன்

தக்கலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் மாற்றுகிற வேலையில் பாதி என் கைக்கு வந்துதான் போகும். பழைய வண்டியின் கியர்பாக்ஸோடு வேறு கம்பெனி எஞ்சினைச் சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், அதற்காகத்தான் வருவார்கள். "அண்ணே, அம்பாசடருக்கு டொயோட்டா டீசல் ஒண்ணு கிடைச்சிருக்கு, பிளேட் போட்டுத் தரணும்" என்று அருமனை பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். எஞ்சினை மினி லாரியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டான். "ஆர்சி புக்கு எங்க மக்கா?" என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறதாம். முதலில் அதைக் கொண்டு வா, எஞ்சினை வாங்கிய பில்லையும் கொண்டு வா, அப்புறம் அளவு எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் இறங்கி வருவதில்லை.

காரணம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறித்துக் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புக்கில் இருப்பதற்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில் தண்டனையும் சேர்ந்துவிட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் எஞ்சின் போன வண்டியை எடைக்குப் போடத்தான் வேண்டுமா? வேண்டாம். அதே வண்டிக்கு அதே வகை எஞ்சின் வைக்க வழி இருக்கிறது. ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கொடுத்து, முன்கூட்டியே அனுமதி வாங்கி மாற்றுவதுதான் பத்திரம். அனுமதி இல்லாமல் மாறிவிட்டாலும் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பிளாக்கில், அதாவது எஞ்சினின் அடி உடலில், அடித்திருக்கும் நம்பரைப் பார்ப்பார். பில்லில் அதே நம்பர் இருக்க வேண்டும். எஞ்சின் எந்த வண்டியிலிருந்து கழற்றியதோ அந்த வண்டியின் பதிவு ரத்தான காகிதம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் கடிதமும் தேவை. புது நம்பர் ஏறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நம்பரைத் தேய்த்த எஞ்சினை என்ன மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வேண்டியிருக்கும்.

நம் குமரி மாவட்டத்துக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே பழைய அம்பாசடர்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன, நம்மவர்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பல வண்டிகளில் என்றைக்கோ எஞ்சின் மாறியிருக்கும். ஆர்சியில் பெட்ரோல் என்று இருக்கும், பானட்டைத் திறந்தால் டீசல் நிற்கும். கேரளத்தில் ஓடும்வரை அது யார் கண்ணிலும் படவில்லை. இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம் மாவட்டத்து டிஎன் 74 அல்லது 75 நம்பருக்கு மாற்றியாக வேண்டும். அந்தச் சோதனையில் குட்டு உடையும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், பிளாக்கில் உள்ள நம்பரையும் ஆர்சியையும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரை 1957 முதல் 2014 வரை தயாரித்தது. 1489 சிசி பெட்ரோல், பின்னால் அதே அளவில் டீசல், அப்புறம் ஜப்பான் கம்பெனியான இசுசுவின் 1800 பெட்ரோல், இசுசு 2000 டீசல் என்று கம்பெனியே பல எஞ்சின் வைத்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அதிகமாக இருந்த காலத்தில் டீசலுக்கு மாற்றுவதில் அர்த்தம் இருந்தது. இன்றைக்கு அந்த லாபம் இல்லை. செலவு மட்டும் அப்படியே இருக்கிறது.

பெட்ரோல் வண்டியில் டீசல் வைத்தால் எஞ்சினோடு கதை முடியாது. பிரேக் மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குப் பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயிலிருந்து (மேனிஃபோல்ட்) வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, கிடைக்கும். டீசலில் அது கிடைக்காது, தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். அது இல்லாமல் ஓட்டிவந்த ஒரு பூஸ்டர் வைத்த வண்டியின் பிரேக்கை நானே மிதித்துப் பார்த்திருக்கிறேன். கல்லை மிதிப்பது போல இருந்தது. இப்படி ஒரு வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குமாரகோவில் திருவிழாக் கூட்டத்துக்குள் போகிறார்களே என்று எனக்கு நெஞ்சு பதறியது. இஞ்செக்டரில் மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் பைப் போட வேண்டும். பேட்டரி பெரிதாக வேண்டும். எடை கூடுவதால் முன்பக்கம் தாழும், முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பாரைச் சரிசெய்ய வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்றில் முன்பக்கத் தகடு எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்பதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கனமான எஞ்சினைப் பற்றிப் பேசவே வேண்டும். அம்பாசடருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் கிடையாது. அந்தத் தகடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது.

அடாப்டர் பிளேட்டைப் பலர் வெறும் ஓட்டை போட்ட தகடு என்று நினைக்கிறார்கள். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் மையமும் கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நான் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் பிளேட்டைக் கொடுக்க மாட்டேன். விலகலோடு ஓட்டினால் பைலட் பேரிங் போகும், கிளச் அதிரும், கடைசியில் கியர்பாக்ஸ் பேரிங்கே போகும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் ரப்பர் ஷீட் ஏற்றிய ஜீப் இப்படி நின்றுவிட்டால் பாடு யாருக்கு?

சுங்கான்கடையில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் 1973 மாடல் அம்பாசடர் இருக்கிறது. எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, இசுசு வைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றேன். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். எஞ்சினை மாற்றிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். அவருடைய பிளாக்கை அளந்து பார்த்தேன், விரிசல் இல்லை. சிலிண்டரைக் கடைந்து (போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் வைத்து, கிராங்கைக் கிரைண்ட் செய்தால் அந்த எஞ்சினே ஓடும். செலவு இசுசு வாங்குவதைவிடக் குறைவு, ஆர்சியில் ஒரு எழுத்தும் மாறாது. பிஸ்டனுக்குச் சொல்லியிருக்கிறார்.